உடலைக் கொடுத்துவிட்டோம், அப்பாவுக்காக எங்கே போய் அழுவது?

காவிரிக்கரையான் | ஜூன் 5, இரவு 11.48

எல்லோருக்கும் வணக்கம். சில ஆண்டுகளாக இங்கே வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

என் அப்பா கடந்த பிப்ரவரியில் காலமானார். வயது 71. மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவர். இளம் வயதில் போட்ட கருப்புச் சட்டையைக் கடைசி வரை கழற்றாதவர். தாம் இறந்தால் கண்ணையும் உடலையும் கொடுத்துவிட வேண்டும், எந்தச் சடங்கும் கூடாது என்று தம் கையாலேயே எழுதி, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் பதிந்த படிவத்தோடு சேர்த்து, ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார். நாங்கள் தேடி அலையக்கூடாது என்று நினைத்திருப்பார்.

விடியற்காலை நான்கு மணிக்கு மூச்சு நின்றது. பக்கத்துத் தெரு மருத்துவர் வந்து பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்தார். மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குக் கீழே இரண்டு தலையணை கொடுத்தோம். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் ஏழு மணிக்கே கண் வங்கியிலிருந்து வந்துவிட்டார்கள். இருபது நிமிடங்களில் முடித்துவிட்டார்கள். பத்தரைக்கு வண்டி கிளம்பியது. கல்லூரியில் நானும் தம்பியும் கையெழுத்துப் போட்டோம். பகல் பன்னிரண்டு மணிக்கு என் கையில் ஒரு தாள் இருந்தது, அப்பா இல்லை.

நாங்கள் திரும்பி வந்த பிறகும் தெருவில் ஒருவர் பின் ஒருவராக வந்து "எப்போது எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். எடுத்தாயிற்று என்று சொன்னபோது அவர்கள் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பறை இல்லை, நீர்மாலை இல்லை, கொள்ளி இல்லை. பெரியப்பா வீட்டார் சோற்றில் கை வைக்காமல் பஸ் ஏறிவிட்டார்கள்.

அப்பாவின் முடிவில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எனக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது. அவர் எங்கோ இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துத் தேறிக்கொள்ள என்னால் முடியாது, தேவையும் இல்லை. ஆனால் நான்கு மாதங்களாக நான் அழவே இல்லை. என் நண்பன் தன் அப்பாவைப் புதைத்த இடத்தில் ஒரு வேப்பங்கன்று வைத்திருக்கிறான். ஊருக்கு வந்தால் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறான். அஸ்தியைக் கரைத்தவர்களுக்கு ஆற்றில் ஒரு துறை இருக்கிறது. எனக்கு எந்த இடம்? தஞ்சாவூருக்குப் போனால் அந்தக் கல்லூரிச் சாலையைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

இன்னொன்று. அம்மா சாமி கும்பிடுகிறவர். அப்பா ஒரு நாளும் தடுத்ததில்லை. பதினாறாம் நாள் அத்தை வந்து வளையலைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "அவர் வாங்கிக் கொடுத்தது. அவர் வந்து கழற்றச் சொன்னால் கழற்றுகிறேன்" என்று சொல்லி அம்மா எழுந்து போய்விட்டார். அப்படிப்பட்டவர் இப்போது வரும் ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும் என்கிறார். நான் உட்கார வேண்டுமாம். என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஈரோட்டுக்காரன் | ஜூன் 6, காலை 6.10

தோழருக்கு என் ஆழ்ந்த இரங்கல். அப்பாவுக்கு வீரவணக்கம்.

இறப்பு இயற்கை. உடல் ஒரு பொருள். அதை மண்ணுக்கோ நெருப்புக்கோ கொடுக்காமல் மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். 2010-இல் ஜோதிபாசு கொல்கத்தாவில் செய்ததும், 2024-இல் சீதாராம் யெச்சூரி டெல்லியில் செய்ததும் இதுவே. அந்த வரிசையில் உங்கள் அப்பா நிற்கிறார். அழ ஓர் இடம் வேண்டும் என்று நினைப்பதே சமாதி வழிபாட்டின் மிச்சம் என்பது என் கருத்து. கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

எள்ளும் தண்ணீரும் இறைக்க உட்காராதீர்கள். அவர் எழுதி வைத்ததை நான்காம் மாதமே மீறுவது நியாயமில்லை. அம்மாவுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

செம்பருத்தி | ஜூன் 6, காலை 9.35

தம்பி, நான் சாமி கும்பிடுகிறவள். தமிழாசிரியை. இந்த இழையில் எனக்கு இடம் உண்டா என்று தயங்கினேன். பிறகு, என் மகனை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒன்பது வயதில், நான்கே நாள் காய்ச்சலில் போய்விட்டான். பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

நம்பிக்கை உள்ளவர்களிடம் இதற்கு ஒரு மருந்து இருக்கிறது, நமக்கு இல்லை என்று நீங்கள் நினைத்தால் அது சரியில்லை. "கடவுள் கொடுத்தார், அவரே எடுத்துக்கொண்டார்" என்று என்னிடம் சொன்னவர்களை ஓர் ஆண்டு வரை வீட்டுப் படி ஏறவிடவில்லை நான். பூஜை அறையைப் பூட்டி வைத்திருந்தேன். திறந்தது எப்போது என்று கூட நினைவில்லை. திறந்ததனால் மகன் இல்லாதது குறையவும் இல்லை.

எனக்கு உதவியது பதினாறு நாள் என்ற கணக்குதான். அத்தனை நாளும் யாராவது ஒருவர் வீட்டில் படுத்திருந்தார்கள். யாரோ தட்டில் சோறு போட்டுக் கையில் கொடுத்தார்கள். "தலைக்கு எண்ணெய் வை" என்று ஒரு கிழவி அதட்டினாள். நாளை என்ன செய்வது என்று நான் யோசிக்கத் தேவை இல்லாதபடி அடுத்த வேலையை வேறு யாரோ முடிவு செய்து வைத்திருந்தார்கள். நீங்கள் சடங்கை விட்டீர்கள். நல்லது. ஆனால் அந்த நண்பகலில் வீட்டில் இருந்தவர்களும் பஸ் ஏறிப் போய்விட்டார்களே, தம்பி. இழப்பு அங்கேதான் இரட்டிப்பானது என்று எனக்குப் படுகிறது.

வகுப்பில் புறநானூற்றின் 245-ஆம் பாட்டைச் சொல்லித் தரும்போது ஒவ்வோர் ஆண்டும் எனக்குக் குரல் அடைக்கும். மனைவி இறந்த ஒரு சேர மன்னன் பாடியது. கள்ளி முளைத்த காட்டில் அவளைத் தீயின் படுக்கையில் கிடத்திவிட்டு வந்திருக்கிறான். என் துன்பம் பெரிது என்கிறார்களே, எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, அது என் உயிரைக் கொண்டுபோகும் அளவுக்கு வலிமை உள்ளதாக இல்லையே, அவள் போன பிறகும் நான் இருந்துகொண்டிருக்கிறேனே என்கிறான். அந்தப் பாட்டில் கடவுள் இல்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழில் அது இருக்கிறது. நம்பாதவர் அழுவதற்கு இந்த மொழியில் முன்னமே வழி இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதினேன்.

அமாவாசைக்கு அம்மாவோடு போங்கள். உட்கார மனம் ஒப்பவில்லை என்றால் உட்கார வேண்டாம். பையைத் தூக்கிக்கொண்டு கூட நில்லுங்கள். அம்மா தனியாக அந்தப் படியில் இறங்கக் கூடாது.

பழைய தோழர் | ஜூன் 6, பிற்பகல் 3.20

ஈரோட்டுத் தோழருக்கும் காவிரிக்கரையானுக்கும் சேர்த்து எழுதுகிறேன். எனக்கு 74 வயது. இயக்கத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பகுத்தறிவாளன் அழக்கூடாது என்று யார் சொன்னது? 1933 மே 11-ஆம் தேதி நாகம்மையார் இறந்தார். பெரியார் 'குடி அரசு' இதழில் எழுதிய இரங்கலைப் போய்ப் படித்துப் பாருங்கள். துக்கப்படுவதா மகிழ்ச்சியடைவதா என்றே தெரியவில்லை என்கிறார். தம் வாழ்வின் ஒவ்வொரு கட்டத்திலும் அந்த அம்மையார் எப்படித் துணை நின்றார் என்று சொல்கிறார். பெண் விடுதலை பற்றி ஊருக்குச் சொன்னதில் நூற்றில் ஒரு பங்காவது தம் மனைவியிடம் நடந்துகொண்டதாகச் சொல்லிக்கொள்ளத் தமக்குத் தகுதி இல்லை என்று அச்சில் ஒப்புக்கொள்கிறார். இயக்கத்தின் தலைவர் தம்முடைய பத்திரிகையில், எல்லோரும் படிக்கும்படி இதை எழுதினார். துக்கத்தில் குற்ற உணர்ச்சி எவ்வளவு என்று அந்த ஒரு பக்கம் காட்டுகிறது. அதை அவர் மறைக்கவில்லை. நாம் ஏன் மறைக்க வேண்டும்?

என் துணைவி 2019-இல் இறந்தார். சத்துணவு அமைப்பாளர். நான் மேடைகளில் சமத்துவம் பேசிவிட்டு இரவு பதினோரு மணிக்கு நான்கு தோழர்களை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அவர் எழுந்து உலை வைப்பார். காலை ஆறு மணிக்கு அவருக்குப் பள்ளியில் அடுப்பு மூட்ட வேண்டும். இதை ஒரு தடவைகூட நான் கணக்குப் பார்க்கவில்லை. அவர் போன பிறகு ஒவ்வோர் இரவும் பார்த்தேன். எந்தப் பரிகாரமும் இல்லை. நம்பாதவனுக்குப் பாவ மன்னிப்பு கொடுக்க ஆள் கிடையாது. அது கடினம்தான், கடினம் என்று சொல்லிவிடுவது நல்லது.

நான் செய்தது இதுதான். படத்திறப்பு வைத்தோம். வழக்கமான பேச்சாளர்களை அழைக்கவில்லை. அவரோடு வேலை செய்த சமையலரையும் உதவியாளர் அம்மாவையும் பேசச் சொன்னேன். அவர்கள் அதற்கு முன் ஒலிபெருக்கி முன்னால் நின்றதில்லை. உதவியாளர் அம்மா, ஒரு மழைநாளில் விறகு நனைந்து அடுப்பு பற்றாமல் போனபோது என் துணைவி தம் புடவைத் தலைப்பைக் கிழித்து மண்ணெண்ணெயில் நனைத்துப் பற்றவைத்த கதையைச் சொன்னார். நாற்பது ஆண்டுகள் கூட வாழ்ந்த எனக்கு அந்தக் கதை தெரியாது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் அந்தப் பள்ளிக்குப் போகிறேன். குழந்தைகளோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அந்த அம்மா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், இருந்தும் வருகிறார். எனக்குத் தெரியாத ஒரு கதையை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறார்.

காவிரிக்கரையான், உங்கள் அப்பாவுக்குப் படத்திறப்பு நடந்ததா? எழுதவில்லையே. நடக்கவில்லை என்றால் இப்போதும் வைக்கலாம். நான்கு மாதம் ஆகிவிட்டது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவரோடு கம்பம் ஏறியவர்களை அழையுங்கள்.

அமாவாசை பற்றி: 1988-இல் என் தாயாருக்காக நான் கூடை சுமந்து துறை வரை போயிருக்கிறேன். மேலே நின்றேன், கீழே இறங்கவில்லை. கூடை சுமந்தவன் எல்லாம் பக்தன் ஆகிவிட மாட்டான். தாய் ஆற்றுக்குத் தனியாகப் போனாள் என்றால் அது எனக்குக் கொள்கை வெற்றி இல்லை.

மூன்றாம் ஆண்டு | ஜூன் 6, இரவு 10.05

நான் மருத்துவ மாணவி. எந்தக் கல்லூரி என்று சொல்லவில்லை. அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு விடுதி மொட்டைமாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்களுக்கு வேதனை தரும் என்று தோன்றினால் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள்.

முதலாம் ஆண்டில், உடற்கூறியல் கூடத்துக்குள் போவதற்கு முன் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து உறுதிமொழி சொல்லச் சொன்னார்கள். இந்த உடலை மரியாதையோடு நடத்துவோம், அவருடைய அந்தரங்கத்தைக் காப்போம், இவர் கொடுத்ததை நோயாளிகளுக்குத் திருப்பித் தருவோம் என்று. ஒருவர் பெயரும் எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். கைப்பேசி உள்ளே போகக் கூடாது. படிக்கும் பகுதியைத் தவிர மற்றதைத் துணியால் மூடித்தான் வைக்க வேண்டும். எங்கள் பேராசிரியை துணி விலகி இருந்தால் பாடத்தை நிறுத்திவிட்டு அதைச் சரி செய்வார், பிறகுதான் தொடர்வார். ஃபார்மலின் நெடியில் கண் எரியும். முதல் வாரம் என்னால் சாப்பிட முடியவில்லை.

எங்கள் மேசையில் இருந்தவருக்கு வலது உள்ளங்கையில் காய்ப்பு இருந்தது. நான்கு விரல்களின் அடியிலும் வரிசையாக. மண்வெட்டியா, துடுப்பா, தறியா, தெரியாது. அந்தக் கையில்தான் நான் மணிக்கட்டைப் படித்தேன். எந்த நரம்பு எங்கே நுழைகிறது, எந்த நாண் எந்த விரலை மடக்குகிறது என்று. போன மாதம் வார்டில் கண்ணாடி கிழித்த மணிக்கட்டோடு ஒரு பையன் வந்தான். கட்டைவிரலை உள்ளங்கைக்குக் குறுக்கே கொண்டுவரச் சொன்னார் மூத்த மருத்துவர், அவனால் முடியவில்லை. எந்த நரம்பு அறுந்திருக்கும் என்று என்னைக் கேட்டார். எனக்கு அந்தக் காய்ப்புக் கை கண் முன்னால் வந்தது. சரியாகச் சொன்னேன்.

அவருடைய குடும்பம் எங்கே அழுகிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை, அண்ணா. இன்று யோசிக்கிறேன்.

சில கல்லூரிகளில் உடல் கொடுத்தவர்களின் குடும்பத்தை ஆண்டுக்கு ஒரு முறை அழைத்து நன்றி சொல்கிறார்கள். உங்கள் ஊரில் உண்டா என்று உடற்கூறியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். இல்லை என்றாலும், அந்த வளாகத்தில் ஒரு மரம் வைக்க அனுமதி கேளுங்கள்.

வன்னிமகள் | ஜூன் 7, காலை 5.30

நான் இப்போது கனடாவில். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து வட்டுவாகல் பாலம் கடந்து வந்த நாளில் என் அண்ணாவைத் தனியே அழைத்துப் போனார்கள். அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

எங்கள் ஊரில் செத்தவீடு நடந்தால் 31-ஆம் நாள் அந்தியேட்டி செய்வார்கள். யாழ்ப்பாணத்துச் சனம் கீரிமலைக்குப் போவார்கள். என் அம்மா அண்ணாவுக்கு அதைச் செய்யவே இல்லை. செய்தால் அவன் இல்லை என்று கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும் என்றார். 2017 பெப்ரவரி 20-ஆம் தேதி கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது அம்மாவும் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பந்தலில் உட்கார்ந்தார். விடுமுறையில் போனபோது நானும் உட்கார்ந்தேன். அம்மாவுக்குச் சாமி உண்டு. எனக்கு அந்தப் பாலத்தோடு போய்விட்டது. பந்தலுக்குள் அந்த வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார், அவ்வளவுதான். யார், எந்த ஊர் என்று கூடக் கேட்கவில்லை.

வலியை ஒப்பிட்டுப் பார்க்க நான் வரவில்லை. உங்கள் துக்கம் உங்களுக்கு முழுது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உங்கள் அப்பா எந்த நேரம் போனார், கடைசியில் யார் இமையை மூடினார்கள், எங்கே கொண்டுபோய் விட்டீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களிடம் ஒரு தாள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாளைக் கவனமாக வைத்திருங்கள். அது சிறிய விஷயம் இல்லை.

இரவுப்பணி | ஜூன் 7, மாலை 4.45

வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவில் பதினாறு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். இறந்தவர்களின் குடும்பங்களோடு பேசுவது என் வேலையில் ஒரு பகுதி. சில செய்திகளைத் தெளிவுபடுத்த வேண்டும்.

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு, மறுப்பில் தொடங்கி ஏற்றுக்கொள்வதில் முடியும் என்று பலர் சொல்வார்கள். "நீ இன்னும் மறுப்பில் இருக்கிறாய்" என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். அது 1969-இல் வந்த கருத்து. சாகப்போகிற நோயாளிகளிடம் பேசி உருவானது. பறிகொடுத்தவர்கள் ஏற வேண்டிய ஐந்து படியாக அதைப் பிறகு ஆக்கிவிட்டார்கள். நான் பார்த்த குடும்பங்களில் யாரும் அப்படி வரிசையாக ஏறவில்லை.

1999-இல் நெதர்லாந்தின் இரண்டு ஆய்வாளர்கள் சொன்னதுதான் நான் பார்ப்பதோடு பொருந்துகிறது. பறிகொடுத்தவர் இரண்டு பக்கம் மாறி மாறிப் போய் வருகிறார். ஒரு நேரம் இழந்தவரை நினைத்துக் கரைகிறார். இன்னொரு நேரம் இறப்பைப் பதிவது, வாரிசுச் சான்றுக்குத் தாசில்தார் அலுவலகம் போவது, குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பம் எழுதுவது, பால் கணக்கைத் தீர்ப்பது என்று ஓடுகிறார். இரண்டும் துக்கத்தின் வேலைதான். காவிரிக்கரையான் மூத்த பிள்ளையாக இருந்தால் நான்கு மாதங்களும் இரண்டாவது பக்கத்திலேயே நின்றிருப்பார் என்று ஊகிக்கிறேன். அழாதது கல்நெஞ்சும் இல்லை, நோயும் இல்லை. முறை இன்னும் வரவில்லை.

ஆனால் எல்லையும் உண்டு. ஏங்குவது கொஞ்சமும் குறையாமல், வேலைக்குப் போக முடியாமல், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் நாள்தோறும் வந்தால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் ஆறு மாதத்தையும், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2022-இல் செய்த திருத்தத்தில் பெரியவர்களுக்கு ஓராண்டையும் அளவாக வைத்திருக்கின்றன. செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் எந்த மாதக் கணக்கும் பார்க்க வேண்டாம். இந்தியாவில் 14416 என்ற எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். உங்கள் மதம் என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இறந்தவரை மறந்துவிட்டு முன்னே போ என்ற அறிவுரையையும் நான் இப்போது யாருக்கும் சொல்வதில்லை. அவரோடு உள்ள உறவு வேறு உருவத்தில் தொடரலாம். அதற்கு ஆவியில் நம்பிக்கை தேவை இல்லை. அவர் செய்த ஒரு வேலையை நீங்கள் செய்தால் போதும். எனக்குத் தெரிந்த ஒரு பெண், கணவர் வளர்த்த புறாக்களுக்கு மாலையில் தானியம் போட ஆரம்பித்தார். கணவர் உயிரோடு இருந்தபோது அந்தப் புறாக்களை விரட்டியவர் அந்தப் பெண்தான்.

ஈரோட்டுக்காரன் | ஜூன் 7, இரவு 9.15

மேலே நான் எழுதியதை நீக்கவில்லை. நீக்கினால் மற்றவர்களின் பதில் புரியாமல் போகும்.

2016-இல் என் அக்கா இறந்தார். எங்களுக்கு அம்மா சிறு வயதிலேயே இல்லை, அக்காதான் வளர்த்தார். அவருடைய படத்திறப்பில் நான் நாற்பது நிமிடங்கள் பேசினேன். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. கொள்கை வீரன் என்று எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்தப் பாராட்டை நான் ஒன்பது ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். உடல் ஒரு பொருள் என்று எழுதினேன். இப்போதும் அதுதான் உண்மை என்று நினைக்கிறேன். ஆனால் அந்த மாணவி எழுதிய காய்ப்புக் கையைப் படித்துவிட்டு வயலில் மோட்டார் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். அக்காவுக்கும் கையில் காய்ப்பு இருந்தது, மஞ்சள் வெட்டியதில்.

காவிரிக்கரையான், அம்மாவோடு போங்கள்.

காவிரிக்கரையான் | ஜூன் 9, இரவு 11.30

இரண்டு நாள்களாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத முயன்று முடியவில்லை. செம்பருத்தி அக்கா, உங்கள் மகனைப் பற்றி எழுதியதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. வன்னிமகள் அக்கா, அந்தத் தாளைப் பையில் இருந்து எடுத்து உறை போட்டு வைத்திருக்கிறேன்.

செவிலியர் அம்மா சொன்னது சரி. நான்தான் மூத்தவன். 21 நாள்களுக்குள் இறப்பைப் பதிய வேண்டும் என்பதில் தொடங்கி நேற்று வரை ஏதோ ஒரு அலுவலகத்தில் நின்றுகொண்டிருக்கிறேன்.

படத்திறப்பு வைக்கவில்லை, தோழர். வைப்போம் என்று தம்பி சொன்னான். நான்தான் ஆள் வராது என்று விட்டேன். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் இருவர் ஒரத்தநாட்டில் இருக்கிறார்கள். நாளை போய்ப் பார்க்கிறேன்.

செம்பருத்தி | ஜூன் 10, காலை 7.00

போய்விட்டு வந்து எழுதுங்கள், தம்பி. எழுத முடியாவிட்டாலும் பரவாயில்லை.

காவிரிக்கரையான் | ஜூலை 27, இரவு 10.20

நீண்ட நாள்களுக்குப் பிறகு வருகிறேன்.

ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டுப் படத்திறப்பு வைத்தோம். அறுபது பேருக்கு மேல் வந்தார்கள். பெரியப்பாவும் வந்தார், சாப்பிட்டார். அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர், 2018-இல் கஜா புயலில் எங்கள் பக்கம் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தபோது, ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியிருந்த அப்பா தம் பழைய இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றதைச் சொன்னார். ஏறவிடவில்லையாம். கீழே நின்று கயிறு பிடித்தாராம், நான்கு நாள். வீட்டில் எங்களிடம் கடைவீதிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். அம்மா அன்றுதான் முதல் முறை அதைக் கேட்டார். "அதனால்தான் வேட்டி அவ்வளவு சேறாக இருந்ததா" என்று கேட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

ஆடி அமாவாசைக்குத் திருவையாற்றுக்கு, புஷ்ய மண்டபத் துறைக்குப் போனோம். நான் உட்கார மாட்டேன் என்று முதல் நாளே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கூட வந்தால் போதும் என்றார். காவிரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போனது. அம்மா முழுகி எழுந்து, பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்து, காக்கைக்குச் சோறு வைத்தார். நான் ஈரப் புடவையும் செம்பும் இருந்த பையைப் பிடித்துக்கொண்டு மேல் படியில் நின்றேன். திரும்பும்போது பஸ்சில் அம்மா என் தோளில் தூங்கிவிட்டார். பிப்ரவரிக்குப் பிறகு அவர் பகலில் தூங்கி நான் பார்க்கவில்லை.

மரம் வைக்கக் கல்லூரிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அந்தச் சாலை வழியாகப் போய்த்தான் கொடுத்தேன்.

எங்கே அழுவது என்று கேட்டிருந்தேன் அல்லவா. அமாவாசைக்கு முந்தைய சனிக்கிழமை இரவு வீட்டில் மட்டும் மின்சாரம் போய்விட்டது. தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. பியூஸ் போயிருக்கும் என்று, மீட்டர் இருக்கும் மரப்பெட்டியின் கதவைத் திறந்தேன். என் மகள் டார்ச் அடித்தாள். இத்தனை ஆண்டுகள் அந்த வீட்டில் இருந்தும் நான் அந்தக் கதவைத் திறந்ததில்லை. அதற்கு அப்பா இருந்தார். கதவின் உள்பக்கம் முழுக்கப் பென்சிலில் அப்பாவின் எழுத்து. 3.11.98 பியூஸ் கம்பி. 14.8.07 மெயின் சுவிட்ச் மாற்றம். 16.11.18 கஜா. அதற்குக் கீழே 9.12.18 மின்சாரம் வந்தது. கடைசியாகச் சென்ற ஆண்டு தேதி ஒன்று, எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. ஆணியில் நூல் கட்டி ஒரு கட்டைப் பென்சில் தொங்கியது.

அங்கேயே, அந்தச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மகள் பயந்துவிடுவாளோ என்று நினைத்தேன். அவள் டார்ச்சை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தாத்தா ஏன் ஏழுக்கு நடுவில் கோடு போட்டிருக்கிறார்?" என்று கேட்டாள். ஒன்றோடு குழம்பிவிடக் கூடாது என்று, பதிவேட்டில் எழுதிப் பழகிய கை என்று சொன்னேன்.

கம்பியை மாற்றினேன். விளக்கு எரிந்தது. அந்தப் பென்சிலை எடுத்து, அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே 19.7.25 பியூஸ் கம்பி என்று எழுதினேன். ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போட்டேன்.